மூன்றரை அடிப் பாதை: ஸ்காபரோ ஊடாக ஓடிய ஒடுங்கிய புகையிரதத்தின் வரலாறு

கென்னடி நிலத்தடி நிலையத்துக்கு வடக்கே, கென்னடி வீதிக்கும் மிட்லண்ட் வீதிக்கும் இடையில், தொழிற்சாலைகளின் பின்புறமாக ஒரு புகையிரதப் பாதை செல்கின்றது. அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில், மார்க்கம் எனத் தொடர்ந்து ஸ்ராவ்வில் வரை அதில் பச்சையும் வெள்ளையுமான கோ புகையிரதங்கள் ஓடுகின்றன. எம்மவரின் வீடுகளும் கடைகளும் கோயில்களும் கடந்த பல ஆண்டுகளில் இப்பாதையின் இரு மருங்கிலும் பெருகியுள்ளன. வீதிக் கடவையில் தடை இறங்கியதும் வாகனத்தை நிறுத்திவிட்டு, வண்டி கடந்து செல்லும்வரை பொறுமையிழந்து காத்திருக்கும் நம்மில் பலர், இப்பாதை கனடா ஒரு நாடாக உருவாகி நான்கே ஆண்டுகளில் இடப்பட்டது என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். அப்போது அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலிருந்த தூரம் 3 அடி 6 அங்குலம் மாத்திரமே. வட அமெரிக்காவில் பொதுமக்களின் போக்குவரத்துக்கெனத் திறக்கப்பட்ட முதலாவது ஒடுங்கிய புகையிரதப் பாதையாக இது கொள்ளப்படுகின்றது. ‘ரொறன்ரோ - நிப்பிசிங் புகையிரதம்’ என்பது அதன் பெயர்.

தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரம் ஓர் அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு பாதையின் விதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுவே. யாழ்தேவியில் பயணம் செய்தவர்கள் அதன் பெட்டிகள் எத்துணை அகலமானவை என்பதை மறந்திருக்கமாட்டார்கள். இலங்கையின் பிரதான பாதைகள் யாவும் 5 அடி 6 அங்குல இடைவெளி கொண்டவை. இதே 5 அடி 6 அங்குலம்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கனடாவிலும் அரசு ஏற்றுக்கொண்ட அளவாக இருந்தது என்பது வியப்புக்குரிய செய்தி. மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த ‘கிராண்ட் ட்ரங்க்’ என்னும் பெரும்பாதை, அக்காலத்தில் நமது காங்கேசன்துறைப் பாதை பின்னர் அமைந்த அதே அகலத்தில்தான் அமைந்திருந்தது. 1870களில்தான் அமெரிக்காவுடன் இணங்கிப்போகும் பொருட்டு 4 அடி எட்டரை அங்குலத்துக்கு அது மாற்றப்பட்டது.

அவ்வாறாயின் இந்த மூன்றரை அடி எங்கிருந்து வந்தது?

சுரங்கத்திலிருந்து வந்தது என்பதே சரியான விடை. பூமிக்கடியில் தோண்டப்படும் வழிகள் குறுகலானவை. ஒவ்வோர் அடி அகலமும் கல்லை உடைத்துப் பெறவேண்டியது. ஆகவே மனிதரோ மட்டக் குதிரையோ தள்ளிச் செல்லக்கூடிய சிறு தொட்டி வண்டிகளும், அவற்றுக்கேற்ற ஒடுங்கிய தண்டவாளங்களுமே அங்கு பொருந்தின. கோலார் தங்கவயலின் ஆழத்தில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் கையாண்டவையும் இத்தகைய வண்டிகளே. வேல்ஸ் தேசத்தில் மலையிலுள்ள சிலேற்றுக் கற்சுரங்கங்களையும் கடற்கரையையும் இணைத்து 1836 இல் திறக்கப்பட்ட பெஸ்ரினியொக் பாதையின் இடைவெளி இரண்டு அடிக்கும் சற்றுக் குறைவு. கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு கடற்கரைக்கு இறங்கின. வெறும் வண்டிகளை மலைக்கு இழுத்துச் செல்லவேண்டிய குதிரைகளும் அதே வண்டித் தொடரில் ஒரு பெட்டியில் நின்றபடி கீழே சவாரி வந்தன. இருபத்தேழு ஆண்டுகள் அவ்வாறே நடந்த அப்பாதையில் 1863 இல் நீராவி இயந்திரம் ஏறியது. குதிரைகளுக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பதை எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சுரங்கப் பாதையில்தான் றொபேட் பெயர்லி என்னும் பொறியியலாளர் இரு முகங்கொண்ட தமது புதிய இயந்திரத்தை 1870 இல் பல நாட்டு நிபுணர்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார். ஒடுங்கிய பாதையாலும் பெரும் பாரத்தை இழுக்க இயலும் என்பது அவர் நிலைநாட்ட முயன்ற கருத்து. அதற்கு முன்னரே நோர்வேயில் கார்ல் பீல் என்பவர் 1862 இல் மூன்றரை அடிப் பாதையொன்றை அமைத்துப் பயணிகளையும் ஏற்றிவிட்டார். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 1865 இல் அதைப் பின்பற்றியது. சுரங்கத்துக்கு ஏற்ற ஒன்று, சனத்தொகை குறைந்த வறிய நாட்டுப்புறங்களுக்கும் ஏற்றது என்ற எண்ணம் உலகெங்கும் பரவிய காலம் அது. கொலராடோ மலைகளின் வெள்ளிச் சுரங்கங்களை நோக்கிச் சென்ற மூன்றடிப் பாதையின் முதற் பகுதியும் 1871 இலேயே திறக்கப்பட்டது.

மலிவுப் பாதையின் தூதுவர்

ரொறன்ரோவில் இவ்வெண்ணத்தை விதைத்தவர் ஜோர்ஜ் லெய்ட்லோ. 1828 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து இங்கு வந்து குடியேறியவர். கூடர்ஹாம் - வேர்ட்ஸ் என்னும் பெரும் மதுவடிசாலைக்குத் தானியம் கொள்வனவு செய்யும் தொழிலில் இருந்தவர். இன்று ‘டிஸ்ரிலரி டிஸ்ரிக்ற்’ என்று உல்லாசப் பயணிகள் உலாவும் செங்கற் கட்டடங்களே அந்த வடிசாலை. அதற்குத் தானியம் வேண்டும். கொதிகலன்களுக்கு விறகு வேண்டும். நகரம் முழுவதற்கும் குளிர்காலத்துக்கு விறகு வேண்டும். இவை யாவும் வடக்கே இருந்தன. கொண்டுவருவதற்கு வழி இல்லை.

லெய்ட்லோ 1867 தொடக்கம் பிரசுரங்கள் எழுதினார், கூட்டங்கள் கூட்டினார். அகலத்தைக் குறையுங்கள், செலவு குறையும் என்பதே அவரது ஒற்றை வாதம். பாரமற்ற தண்டவாளம், சிறிய பாலம், குறுகிய மண்வெட்டு, கூர்மையான வளைவு, சிறிய இயந்திரம் என்று அவர் கணக்குக் காட்டினார். 1868 இல் இரண்டு கம்பனிகளுக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. ஒன்று வடமேற்கே சென்ற ரொறன்ரோ - கிரே - புரூஸ் புகையிரதம்; மற்றையது நமது ஸ்காபரோ ஊடாக வடகிழக்கே சென்ற ரொறன்ரோ - நிப்பிசிங் புகையிரதம். விறகுக்கு அறவிடும் கட்டணத்துக்கு உச்சவரம்பு அனுமதிச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. குளிருக்கு அஞ்சிய நகரவாசிகளின் ஆதரவை இது பெற்றுத்தந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

பணம் எவ்வாறு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. பங்குதாரரின் முதலீடு மாத்திரம் போதவில்லை. பாதை செல்லும் ஒவ்வோர் ஊராட்சியிடமும் கம்பனி ‘ஊக்கத் தொகை’ கேட்டது. ரொறன்ரோ நகரம் 1,50,000 டொலர் கொடுத்தது. ஸ்காபரோ, மார்க்கம், அக்ஸ்பிறிட்ஜ் போன்ற விவசாய ஊர்களில் வரி செலுத்துவோர் வாக்களித்துத் தத்தம் பங்கை வழங்கினர். கொடுத்தது கடனன்று, பங்குமன்று; திரும்பிவராத நன்கொடை. கொடுக்க மறுத்த ஊரைப் பாதை தவிர்த்துச் சென்றுவிடும் என்ற அச்சம் எல்லா ஊர்களுக்கும் இருந்தது. ஒரு கமக்காரன் தனது வயலின் கோதுமையைச் சந்தைக்கு அனுப்ப வழி பிறக்கும் என்று நம்பிப் பல ஆண்டுகளுக்கு உயர்ந்த வரி கட்டச் சம்மதித்தான். மலிவுப் பாதை என்பது கட்டியவர்களுக்கு மலிவு. அருகில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வளவு மலிவாக இருந்ததென்று கூறமுடியாது.

1871 யூலை 12 ஆம் திகதி அக்ஸ்பிறிட்ஜ் வரை வண்டி ஓடியது. ரொறன்ரோவில் பெர்க்லி வீதியில், வடிசாலைக்கு அண்மையில் அதன் நிலையம் இருந்தது. அங்கிருந்து ஸ்காபரோச் சந்தி வரையும் புதிய நிலம் வாங்கிப் பாதை போட அவர்கள் செலவு செய்யவில்லை. கிராண்ட் ட்ரங்க் பாதையின் அகன்ற இரு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் பதித்தனர். பெரிய வண்டி வெளித் தண்டவாளங்கள் இரண்டிலும் செல்லும்; சிறிய வண்டி ஒரு வெளித் தண்டவாளத்திலும் நடுத் தண்டவாளத்திலும் செல்லும். ஸ்காபரோச் சந்தியில் சிறியது பிரிந்து வடக்கே திரும்பும். இன்றும் ஸ்ராவ்வில் வண்டி கிழக்கே செல்லும் பெரும்பாதையை விட்டு வடக்கே திரும்புவது அச்சந்தியிலேயே.

1872 நவம்பரில் பாதை கொபகொங் என்னும் சிற்றூரை அடைந்தது. அத்துடன் நின்றுவிட்டது. தன் பெயரில் தாங்கிய நிப்பிசிங் ஏரியை அது ஒருபோதும் காணவில்லை. ‘நிப்பிசிங்’, ‘கொபகொங்’ ஆகிய இரண்டும் அனிஷினாபே மக்களின் மொழிச் சொற்கள். அவர்களின் காடுகளையும் ஏரிகளையும் நோக்கிப் போடப்பட்ட பாதைக்கு அவர்களின் சொல்லே பெயராயிற்று. அவர்களிடம் எவரும் ஊக்கத் தொகையும் கேட்கவில்லை, சம்மதமும் கேட்கவில்லை.

பாதையின் தலைவராக இருந்த ஜோன் செடன் 1873 மே மாதத்தில் கனிங்ரன் நிலையத்தில், நகரும் வண்டியில் ஏற முற்பட்டு மேடைக்கும் வண்டிக்கும் இடையில் வீழ்ந்து மாண்டார். பெயர்லியின் முறையில் அமைந்த இருமுக இயந்திரம் ஒன்றும் இப்பாதைக்கு இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டது. வேல்ஸ் சிலேற்றுச் சுரங்கத்தின் பேரப்பிள்ளை அஜின்கோர்ட் வயல்களின் ஊடே விறகு இழுத்தது என்று சொல்லலாம்.

இரும்பும் சுண்ணாம்பும் ஐஸ்லாந்துக் குழந்தைகளும்

விறகும் மரமும் ஒருநாள் தீர்ந்துவிடும் என்பது லெய்ட்லோவுக்குத் தெரியாததன்று. ஆகவே அவர் கண்கள் மேலும் வடக்கே, ஹாலிபேர்ட்டன் பகுதியின் பாறைகளில் இருந்ததாக நம்பப்பட்ட இரும்புக் கனியத்தின் மீது சென்றன. கொபகொங் பகுதியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. அதைச் சூளையில் எரித்துப் பெற்ற சுண்ணாம்பு ரொறன்ரோவின் கட்டடங்களுக்கு இப்பாதை வழியே வந்தது. காங்கேசன்துறையில் வெட்டிய சுண்ணாம்புக்கல் சீமெந்தாகிக் கொழும்புக்குப் புகையிரதத்தில் சென்றதைக் கண்ட எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரும்பு சுண்ணாம்பு போன்று மேலே கிடக்கவில்லை. அதை எடுக்கவும் ஏற்றவும் இன்னொரு பாதை வேண்டியிருந்தது. லின்ட்சே நகரிலிருந்து ஹாலிபேர்ட்டனை நோக்கி ‘விக்ரோறியாப் புகையிரதம்’ என்னும் புதிய பாதையை லெய்ட்லோ தொடங்கினார். அதில் வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டனர்.

1874 இன் இலையுதிர் காலத்தில் ஐஸ்லாந்திலிருந்து ஏறக்குறைய 350 பேர் குடும்பம் குடும்பமாகக் கியூபெக் துறைமுகத்தில் இறங்கினர். வறுமை துரத்த, ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். ஆங்கிலம் அறியாதவர்கள், மரமே அரிதான நாட்டிலிருந்து வந்தமையால் கோடரி பிடித்துப் பழக்கமற்றவர்கள். ஒன்ராறியோ அரசு அவர்களைக் கின்மவுண்ட் என்னும் காட்டூருக்கு அனுப்பியது. ஆண்கள் விக்ரோறியாப் பாதையில் நிலம் வெட்டினர். குடும்பங்கள் அவசரமாகக் கட்டப்பட்ட மரக் குடில்களில் நெருக்கமாக அடைக்கப்பட்டன. குளிர்காலம் வந்தது. காற்றோட்டமற்ற குடில்களில் நோய் பரவியது. போதிய பாலும் நல்ல உணவும் இல்லை. முதலில் இறந்தவர்கள் சிறு குழந்தைகளே. தாய்மார் கப்பலில் கட்டிக் காத்துக் கொண்டுவந்த குழந்தைகளை உறைந்த மண்ணுக்குக் கொடுத்தனர்.

பாதை வேலையேனும் நிலைத்ததா எனில், அதுவுமில்லை. கம்பனியின் பணமுடையால் 1875 இல் வேலை நின்றது. வேலைக்கென அழைத்துவரப்பட்டவர்களுக்கு வேலை இல்லை. காணியென்று காட்டப்பட்ட நிலமோ பாறை. அவர்கள் கூடிப் பேசித் தம்மவருள் சிலரை மேற்கே அனுப்பி வேறு நிலம் பார்த்துவரச் செய்தனர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் பெரும்பாலானோர் கின்மவுண்டை விட்டு நீங்கி, ஒக்ரோபர் மாதத்தில் வினிப்பெக் ஏரியின் மேற்குக் கரையை அடைந்தனர். அங்கே கிம்லி என்னும் ஊரை நிறுவினர். அடுத்த ஆண்டு அங்கும் பெரியம்மை நோய் வந்து பலரைக் கொண்டுசென்றது. இத்தனைக்கும் பின்னர் 1877 இல் அவர்கள் ‘பிரம்பாரி’ என்ற பெயரில் தமது மொழியிலேயே ஒரு செய்தித்தாள் அச்சிட்டனர். அதுபோன்றதொரு வார ஏட்டில் இதனை வாசிக்கும் எமக்கு, அந்தப் பிடிவாதம் எத்தகையது என்பது நன்கு விளங்கும். 2000 ஆம் ஆண்டில் கின்மவுண்டில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. கோடையில் ஏரிக்கரைகளுக்குச் சுற்றுலா செல்லும் எமது குடும்பங்கள் வழியில் அங்கு ஒரு கணம் இறங்கிச் செல்லலாம்.

விக்ரோறியாப் பாதை 1878 இல் ஹாலிபேர்ட்டனை அடைந்தது. இரும்போ எதிர்பார்த்த அளவில் கிடைக்கவில்லை. அங்கு தோண்டப்பட்ட சுரங்கங்கள் எவரையும் நீண்டகாலம் வாழவைக்கவில்லை.

இங்கு ஒரு விடயத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். மூன்றரை அடியின் மகத்துவத்தை ஊரெங்கும் பிரசங்கித்த லெய்ட்லோ, இந்த விக்ரோறியாப் பாதையையும் தமது பின்னைய கிரெடிற்வலிப் பாதையையும் ஒடுங்கிய அளவில் அமைக்கவில்லை. இரண்டும் 4 அடி எட்டரை அங்குலப் பாதைகள். பிரசுரங்களை மாற்றி எழுதாமலே அவர் மனம் மாறிவிட்டார். ஊக்கத் தொகை செலுத்திய ஊர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

சுமை மாற்றும் கூலி

அவர் மனம் மாறியதற்குக் காரணம் இருந்தது. மார்க்கத்தில் ஏற்றிய ஒரு பெட்டி கோதுமை ரொறன்ரோவில் விற்கப்படுமாயின் தொல்லை இல்லை. அது மொன்றியலுக்கோ கடல்கடந்தோ செல்லவேண்டுமாயின், மூன்றரை அடிப் பெட்டி மேற்கொண்டு ஓர் அங்குலமும் நகராது. ஒவ்வொரு மூட்டையையும் மனிதரே இறக்கி, அருகிலுள்ள அகன்ற பாதையின் பெட்டியில் ஏற்றவேண்டும். அதற்குக் கூலி, அதற்கு நேரம், சிந்துவது ஒருபுறம், களவு போவது மறுபுறம். சுரங்கத்திலிருந்து கப்பற்துறைக்கு மாத்திரம் ஓடும் பாதைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் இரு முனைகளிலும் எப்படியும் சுமையை மாற்றத்தான் வேண்டும். பெஸ்ரினியொக்கில் வெற்றி பெற்றது ரொறன்ரோவில் தோற்றதன் இரகசியம் இதுவே என்பது என் கருத்து. தனித்து நிற்கும் பாதைக்கு ஒடுக்கம் இலாபம். மற்றைய பாதைகளுடன் கலந்து வாழவேண்டிய பாதைக்கு அது நிரந்தர அபராதம்.

மலிவுக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. தண்டவாளமும் பாலமும் சிறிதாகலாம். ஆனால் நிலையப் பொறுப்பாளர், இயந்திர ஓட்டுநர், கொடி காட்டுபவர் ஆகியோரின் சம்பளம் பாதையின் அகலத்துக்கேற்பக் குறைவதில்லை. வேலிக்கும் காணிக்கும் அதே விலைதான். பாரமற்ற தண்டவாளங்கள் விரைவில் தேய்ந்தன. பெரும்பனி பொழியும் நாட்களில் சிறிய இயந்திரங்கள் பனிமேட்டைத் தள்ள வலுவின்றி நின்றன. ஒன்ராறியோவின் குளிர்காலத்தை ஒரு முறையேனும் கண்டவர்களுக்கு அதை வருணிக்கத் தேவையில்லை.

1870களில் கிராண்ட் ட்ரங்க் தன் அகலத்தை மாற்றியபோது, கண்டத்தின் பெரும்பகுதி ஒரே அளவுக்கு வந்துகொண்டிருந்தது. ரொறன்ரோ - நிப்பிசிங் மாத்திரம் தனித்து விடப்பட்டது. 1880களின் தொடக்கத்தில் பீற்றபரோவைச் சேர்ந்த ஜோர்ஜ் கொக்ஸ் என்பவரின் தலைமையில் இயங்கிய மிட்லண்ட் புகையிரதக் கம்பனி அதனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. தண்டவாளங்கள் அகற்றி வைக்கப்பட்டன. 1884 இல் மிட்லண்ட் பாதைகள் யாவும் கிராண்ட் ட்ரங்க் வசமாயின. 1923 இல் கனேடிய தேசியப் புகையிரதத்தின் வசமாயின. ஆக, மூன்றரை அடி வாழ்ந்தது பன்னிரண்டு ஆண்டுகள் அளவே. லெய்ட்லோ 1889 இல் கொபகொங்குக்கு அருகே பால்சம் ஏரிக்கரையில் காலமானார்.

இலங்கையும் இந்தப் பாடத்தைத் தன் செலவிலேயே கற்றது. கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு 1902 இல் திறக்கப்பட்ட களனிவெளிப் பாதையின் இடைவெளி 2 அடி 6 அங்குலம். தேயிலையும் இறப்பரும் காரீயமும் அதன் சுமைகள். இலங்கைக் காரீயம் அக்காலத்தில் உலகச் சந்தையில் முதன்மை பெற்றிருந்தது. டி. எஸ். சேனநாயக்கா குடும்பத்தின் செல்வமும் காரீயச் சுரங்கங்களிலிருந்தே பிறந்தது. மாணிக்கச் சுரங்கங்களின் நகரான இரத்தினபுரிக்கு 1912 இலும், ஓபநாயக்காவுக்கு 1919 இலும் அப்பாதை நீண்டது. நானுஓயாவிலிருந்து இராகலைக்கும் தோட்டங்களின் தேயிலையை ஏற்றவென அதே அகலத்தில் ஒரு மலைப்பாதை இருந்தது. எமது மலையக உறவுகளின் உழைப்பைச் சுமந்த அப்பாதை 1940களில் மூடப்பட்டது. களனிவெளியில் எஞ்சிய அவிசாவளைப் பகுதி 1990களில் 5 அடி 6 அங்குலத்துக்கு அகலமாக்கப்பட்டது. ரொறன்ரோ பன்னிரண்டு ஆண்டுகளில் செய்ததைக் கொழும்பு செய்வதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதே 1990களில் வடக்கே நிலைமை வேறு. 1990 யூனுடன் சேவை நின்றுபோக, தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வந்தது.

ஸ்காபரோப் பாதைக்கு மீள்வோம். கொபகொங்கிலிருந்தும் லின்ட்சேயிலிருந்தும் தண்டவாளங்கள் காலப்போக்கில் எடுக்கப்பட்டுவிட்டன. மரம், விறகு, சுண்ணாம்பு எதுவும் இன்று இல்லை. பாதையைக் காப்பாற்றியவர்கள் மனிதர்களே. 1982 இல் ஸ்ராவ்விலுக்குக் கோ சேவை தொடங்கியது. காலையில் தெற்கே வேலைக்குச் செல்வோரும் மாலையில் வடக்கே வீடு திரும்புவோருமே அதன் சுமை. ஆயினும் சுமை மாற்றும் சாபம் இப்பாதையின் அருகிலேயே மறுபடி தலைகாட்டியது. 1985 இல் கென்னடியிலிருந்து எல்ஸ்மியர் வரை இதே பாதையின் ஓரமாகச் சென்று ஸ்காபரோ ரவுன் சென்ரரை அடைந்த ஸ்காபரோ ஆர்.ரி. வண்டியை மறந்திருக்கமாட்டீர்கள். நிலத்தடி வண்டியில் அது ஓடாது. அதன் பாதையில் நிலத்தடி வண்டி ஓடாது. ஆகவே கென்னடி நிலையத்தின் அடித்தளத்தில் இறங்கி, மேற்தளத்துக்கு ஏறி, இன்னொரு வண்டி பிடித்தோம். கையில் குழந்தையும் பொதியுமாக அப்படிகளில் ஏறிய தாய்மார் எத்தனை பேர்! 1870களில் கோதுமை மூட்டைக்கு நேர்ந்தது எமக்கும் நேர்ந்தது. மூட்டைக்குக் கூலியாள் இருந்தான். 2023 யூலையில் ஒரு வண்டி தடம் புரண்டதுடன் அச்சேவை முற்றாக மூடப்பட்டது.

கனடாவில் மூன்றரை அடி அகலம் நெடுங்காலம் பிழைத்திருந்த இடம் நியூபவுண்லாந்துத் தீவு. தீவாகையால் மற்றப் பாதைகளுடன் கலக்கவேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை. சென்ற் ஜோன்ஸ் நகரிலிருந்து மேற்குக் கரை வரை 1898 இல் அப்பாதை முழுமை பெற்றது. தீவின் நடுவே புக்கான்ஸ் என்னுமிடத்தில் மிக்மா இனத்தவரான மற்றி மிற்செல் 1905 இல் கண்டுபிடித்த கனியப் படிவிலிருந்து, 1928 தொடக்கம் செம்பும் ஈயமும் துத்தநாகமும் எடுக்கப்பட்டன. அவை மூன்றரை அடிப் பாதைகள் வழியே பொட்வூட் துறைமுகத்துக்குச் சென்றன. சுரங்கத்திலிருந்து கப்பலுக்கு ஓடும் ஒடுங்கிய பாதை என்னும் பழைய இலக்கணத்துக்கு அது சரியாகப் பொருந்தியது. புக்கான்ஸ் சுரங்கம் 1984 இல் மூடப்பட்டது.

1986 ஓகஸ்ற் 11 ஆம் திகதி அத்தீவின் தென்முனைக்கு அப்பால், பனிமூட்டத்தில் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த எம்மவர் 155 பேரைக் கஸ் டால்ரன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவரும் ஏனைய மீனவரும் கண்டு காப்பாற்றினர். அவர்கள் சென்ற் ஜோன்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டபோது, அந்நகரின் நிலையத்திலிருந்து ஒடுங்கிய பாதையில் சரக்கு வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1988 இல், அதுவும் நிறுத்தப்பட்டது. 1990 இறுதிக்குள் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. இன்று அது நடைபாதை. நிலையக் கட்டடம் அரும்பொருட்காட்சிச்சாலை.